விலகாத மூட்டம்

மலையைப் படம் பிடிக்கிற தொழில் என்றால், பாதி நாள் மலை தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பது. என்னைப் போல் பொறுமை கெட்டவன் இதில் மாட்டினால் என்ன பாடு என்று, மாட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முகம் போதாது

அப்போது ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். சோறு போட்டது பாஸ்போர்ட் முகங்கள். தேயிலைத் தோட்டங்களை விட்டு ஒரேயடியாக இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரியாயி என்ற அம்மா புருஷனோடு வந்தார். படம் எடுத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"லயத்து வாசல்ல நின்னா எதிர்மல தெரியுமுங்க. நடுவுல ஒரு அருவி. தெனம் அதுலதாங்க முழிப்பேன். அதையும் எடுத்துக் குடுங்க."

மலைக்கு முன்னால் யார் நிற்பது என்று கேட்டேன். யாரும் வேண்டாமாம். அடுத்த புதன்கிழமை ஸ்டேஷனில் கோச்சி ஏறுகிறார்கள். புருஷன் தலையைச் சொறிந்தார்.

"அங்க போயி இவ யாருகிட்டங்க அருவி கேப்பா? எடுத்துக் குடுத்துருங்க."

பார்க்கிற வேலை

போனேன். அவர்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே ரோட்டோரம் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணியைத் தலையில் போட்டேன். மூட்டம். எதிரே மலை இருக்கிறதென்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. திட்டினேன். திட்டித் தீர்ந்த பிறகுதான் காது திறந்தது. அருவி கேட்டது. பக்கத்துத் தேயிலைச் செடியில் சிலந்தி வலை, நூலுக்கு நூல் பனித்துளி. ஒரு துளி கனத்து, வழுக்கி, அடுத்ததோடு சேர்ந்து விழும்வரை கண்ணெடுக்கவில்லை.

யாரோ மலையை அளக்கிறான் என்று மேலே செய்தி போய்விட்டது. தோட்டத்தில் நாள்கூலிக்குப் பேர் பதிகிற கண்டாக்கு ஐயா குடையோடு இறங்கி வந்தார். அளக்கவில்லை, பார்க்கிறேன் என்றேன்.

"இப்படி உக்காந்து பாக்குறதுக்கு உங்களுக்கு யாருங்க பேர் போட்டுச் சம்பளம் குடுக்குறது?"

யாரும் கூப்பிடாத பெரட்டு

திங்கட்கிழமை மூட்டம் சட்டென்று கிழிந்தது. அருவி முழுசாக, வெள்ளையாக. ஷட்டருக்குக் கை போன நேரம், கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கேமராவைப் பார்த்துவிட்டார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்பதுபோல, கூடையைச் சரிசெய்துகொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். சரியாக அருவிக்கு முன்னால். விலகச் சொல்லிக் கத்தினேன். அவர்கள் விலகுவதற்குள் மலை மூடிக்கொண்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். ஒருத்தி மட்டும் நகரவில்லை.

"மல எங்கங்க போகப்போகுது? போறது நாங்கதானே. எங்களப் புடிங்க."

கடைசிப் பிளேட்

கொண்டுபோன இரண்டு கண்ணாடிப் பிளேட்டில் ஒன்று அவர்களுக்குப் போனது. மிச்சம் ஒன்று. செவ்வாய்க்கிழமை முழுக்க இருந்தேன். விலகவில்லை. வெளிச்சம் போகுமுன் மூட்டத்தையே எடுத்தேன். கீழே ஒரு வரிசைத் தேயிலை, மேலே வெறும் வெள்ளை.

புதன்கிழமை ஹட்டன் ஸ்டேஷனில், தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மாரியாயி கையில் கொடுத்தேன். "படத்தில் அருவி விழவில்லை அம்மா" என்றேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். கோச்சி வந்து, புருஷன் கத்தவும், படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறினார். ஜன்னலிலிருந்து எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

"அவசரப்படாதீங்க ஐயா. அங்க வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன், வெலகிரும்."

அதற்குப் பிறகு மூட்டம் விழுந்த படம் எதையும் நான் கிழித்துப் போட்டதில்லை. ஸ்டூடியோவில் கால் வைக்கத்தான் இடமில்லை.