நீல மையில் பத்தொன்பது கடிதங்கள்

காலை எட்டரைக்கு நஜாத் கடைக்கு வரும்போதே வாசலில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருப்பார்கள். எதிரே வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே போகிறவர்கள் முதலில் இங்கே வந்து நகல் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கிருந்து திரும்புகிறவர்கள் ஏதோ ஒரு காகிதம் குறைகிறதென்று மறுபடி இங்கேயே வருவார்கள். எங்கள் ஊரான கெனித்ராவில் ஒருவன் வேலை தேடுகிறான் என்றால், சி லஹ்சனின் எழுதுபொருள் கடைக்கும் அந்த அலுவலகத்துக்கும் நடுவே சாலையைக் கடந்துகொண்டிருக்கிறான் என்று பொருள்.

நஜாத்துக்கு முப்பத்து நான்கு வயது. பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கிய கோடையில், தன் விண்ணப்பத்துக்கு நகல் எடுக்கத்தான் இந்தக் கடைக்குள் முதலில் நுழைந்தாள். இயந்திரத்தில் காகிதம் சிக்கியிருந்தது. சி லஹ்சன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவள் பக்கவாட்டு மூடியைத் திறந்து, கிழியாமல் உருவி எடுத்துக் கொடுத்தாள். "நாளைக்கும் வர்றியாம்மா?" என்றார் அவர். வந்தாள். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

தட்டச்சு அவள் வேலையில் பாதிதான். மறுபாதி கையால் எழுதுவது. எங்கள் ஊர் கம்பெனிகளில் சுயவிவரம் கணினியில் அடித்ததாக இருக்கலாம். ஆனால் அதோடு வைக்கும் கடிதம் விண்ணப்பிப்பவர் தன் கைப்பட எழுதியதாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்று எந்தக் காலத்திலோ எவரோ நம்பியது, விளம்பரத்துக்கு விளம்பரம் அப்படியே தொற்றிக்கொண்டு வருகிறது. எந்த மொழியில் என்று யாரும் போடுவதில்லை. பிரெஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் பிரெஞ்சில் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதுவது எப்படி? நஜாத்திடம் வருவான். அவள் நீல மையில் எழுதித் தருவாள், அவன் கீழே கையொப்பம் இடுவான். இதில் பிழை இருப்பதாக ஊரில் யாரும் நினைத்ததில்லை.

எழுதுமுன் அவள் ஒரு கேள்வி கேட்பாள். "காலையில வேலைக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

வந்தவர்கள் விழிப்பார்கள். பட்டறை, சர்டிபிகேட், எத்தனை வருடம் என்று சொல்லத் தயாராக வந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயைத் திறப்பார்கள். ரொட்டி அடுப்பில் நின்றவர் ஒருவர், "அடுப்ப எரியவிட்டுட்டு கைய உள்ள நீட்டிப் பாப்பேன். பத்து எண்ணறதுக்குள்ள பொறுக்க முடியலைன்னா சூடு சரி" என்றார். நஜாத் அதை எழுதினாள். துடிப்பானவன், பொறுப்பானவன் என்றெல்லாம் எழுதமாட்டாள். அந்தச் சொற்களை இந்த ஊரில் எல்லோரும் எல்லோரைப் பற்றியும் எழுதி, அவை துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்டன. பொய்யும் எழுதமாட்டாள். செய்யாத வேலையைச் செய்ததாகப் போடச் சொன்னால், அடுத்த கடையில் போய் எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவாள்.

இதற்கே தினமும் சண்டை. லாரி ஓட்டிய மீலூத் என்கிற பெரியவர், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, 'தங்கள் உயர்ந்த கருணையை வேண்டுவதில் பெருமை கொள்கிறேன்'னு ஆரம்பிக்கணுமே. எங்க அது?"

"அது வேண்டாம் மாமா. அவங்களுக்கு அதப் படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு."

"அவங்களுக்கு அலுத்தா எனக்கென்ன? நான் இப்பத்தானே முதல் தடவ எழுதறேன்!"

நஜாத் புதுத் தாள் எடுத்து, பெருமையையும் கருணையையும் முதல் வரியிலேயே வைத்து எழுதினாள். மணிக்கட்டு வலித்தது. அது வலிக்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது.

பிப்ரவரியில் அந்த விளம்பரம் வந்தது. ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய கார் ஒயர் தொழிற்சாலைக்கு இருநூறு தொழிலாளர்கள் வேண்டும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று: பணியாளர் பிரிவில் எழுத்தர் ஒருவர், பட்டதாரி, முப்பத்தைந்து வயதுக்குள். இரண்டுக்கும் கைப்பட எழுதிய கடிதம்.

நஜாத் அதை இரண்டு முறை படித்தாள். மார்ச் பன்னிரண்டில் அவளுக்கு முப்பத்தைந்து. அரசு வேலைக்கான தேர்வுகளெல்லாம் எழுதித் தோற்றாயிற்று. வங்கிகள் இருபத்தெட்டுக்கு மேல் ஏறிட்டும் பார்ப்பதில்லை. இதைவிட்டால் இந்த வயதில் அவளைக் கூப்பிட இன்னொரு விளம்பரம் வராது.

"போட்டுப் பாரு. பதினொரு வருஷமா ஊருக்கெல்லாம் எழுதற, உனக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?" என்றார் சி லஹ்சன். பிறகு, "கிடைச்சுடுச்சுன்னா எனக்கு யாரு இந்த மெஷினப் பாப்பாங்கன்னு மட்டும் கேக்காத, அழுதுடுவேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கடையில் கூட்டம் நெரிந்தது. தனக்கான கடிதத்தை நஜாத் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். ரொட்டிக்காரர் வந்தார். தையல் பள்ளியில் படித்த இரு சகோதரிகள் வந்தார்கள். மீலூத்தின் மகன் வந்தான். அதே தொழிற்சாலைக்குப் பதினெட்டுக் கடிதம் எழுதினாள்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் பகலில், பருப்பு சூப்பில் ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்த நேரம், ஹஸ்னா வந்தாள். நஜாத்தின் தெருவில் நான்காவது வீட்டுப் பெண். இருபத்து நான்கு வயது, சட்டம் படித்தவள், பிரெஞ்சு தட்டுத்தடுமாறும்.

"அக்கா, சாப்பிடறீங்களா? சாப்பிடுங்க, நிக்கறேன். ஒயர் கம்பெனிக்கு ஒரு கடிதம் வேணும். தொழிலாளி வேலைக்கு இல்ல. அந்த எழுத்தர் வேலைக்கு."

நஜாத் ரொட்டியைக் கீழே வைத்தாள். நானும் அதற்குத்தான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ஒரு வருஷம் டாக்டர் கிளினிக்ல சும்மாவே வேலை பாத்தேன்ல, அங்கயா? முதல்ல டோக்கன் குடுப்பேன். ஆனா நம்பர் படிக்கத் தெரியாத பாட்டிங்க, கிராமத்து ஆளுங்க வருவாங்க இல்ல, அவங்ககிட்ட டோக்கன் குடுத்தாலும் முகத்த ஞாபகம் வச்சுப்பேன். நம்பரக் கூப்பிடாம பக்கத்துல போய்ப் பேரச் சொல்லிக் கூட்டிட்டுப் போவேன். அவங்களுக்குத் தெரியலைங்கறது மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதில்ல?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இதெல்லாம் எழுத வேண்டாம்க்கா. துடிப்பானவள்னு போடுங்க."

இதுதான் எழுத வேண்டியது என்று நஜாத்துக்குக் கேட்டவுடனே தெரிந்தது. பணியாளர் பிரிவில் உட்காரும் எவரும் இந்த வரியைத் தாண்டிப் போகமாட்டார்கள். துடிப்பானவள் என்று எழுதினால் போதும், ஹஸ்னாவே கேட்டதுதான், அந்தக் கடிதம் முந்நூறோடு முந்நூற்று ஒன்றாகப் போய்ச் சேரும். பேனா தாளுக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு டோக்கனையும் நம்பர் படிக்கத் தெரியாத பாட்டிகளையும் எழுதினாள். கிடைத்த நல்ல வரியைத் தூக்கிப் போடுகிற தெம்பு அவளிடம் இல்லை.

மறுநாள் காலை தன் கடிதத்துக்கு உட்கார்ந்தபோதுதான் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது புரிந்தது. தாளில் தேதியை எழுதினாள். நேராக ஓடி, வரியின் முடிவில் சற்றே தாழும் அதே எழுத்து. அந்தத் தொழிற்சாலை மேசையில் இதே எழுத்து ஏற்கெனவே பத்தொன்பது பேரின் பெயரில் கிடக்கிறது. இருபதாவதாக இவள் கடிதம் போனால், காசு கொடுத்து எழுதி வாங்கினவள் என்றுதான் நினைப்பார்கள். அவற்றையெல்லாம் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டாலோ, அந்தப் பத்தொன்பது பேரும் கைப்பட எழுதவில்லை என்று குப்பைக்குப் போவார்கள்.

"நான் எழுதித் தரட்டுமா?" என்றார் சி லஹ்சன்.

"உங்க எழுத்த மருந்துக்கடைக்காரன்தான் படிக்கணும்."

"இடது கையால எழுதேன்."

"வேலை இடது கைக்கா குடுப்பாங்க?"

அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். புதினா மிதந்தது. நஜாத் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு தாளைத் திருப்பி, வலது ஓரத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

பள்ளியில் இரண்டு மொழியும் படித்தவள்தான். ஆனால் பதினோரு வருடமாக இந்தக் கடையில் அவளிடம் யாரும் அரபியில் ஒரு வரி கேட்டதில்லை. அரபி மனுக்களெல்லாம் நீதிமன்ற வாசலில் குடை விரித்து உட்காருகிறவர்களுடையது. அவளுடைய அரபி எழுத்து எந்தக் கம்பெனியின் கண்ணிலும் பட்டதில்லை. அதுவும் அவள் கைதான், அதில் பொய் இல்லை.

எட்டிப் பார்த்த சி லஹ்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அரபியிலயா? உனக்கென்ன பைத்தியமா? அந்தக் கம்பெனி மதாமுங்க இதுல முட்டைய சுத்தி வீட்டுக்குக் கொண்டுபோவாங்க."

"போகட்டும்."

காலையில் முதலில் என்ன செய்வாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வர நேரமாயிற்று. கடைசியில் எழுதினாள்: 'கடையைத் திறந்ததும், வாசலில் நிற்பவர்களில் யாரிடம் எந்தக் காகிதம் குறைகிறது என்று பார்ப்பேன். எதிர் அலுவலகத்துக்குள் போய் மணிக்கணக்காக நின்ற பிறகு அவர்கள் திருப்பி அனுப்பப்படக் கூடாது.' கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பிரெஞ்சில் அடித்த சுயவிவரத்தோடு அதை உறையில் வைத்து ஒட்டி, அன்று மாலையே தொழிற்சாலை வாசல் பெட்டியில் போட்டாள்.

பதினைந்து நாள் சத்தமில்லை. ரொட்டிக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. தையல் சகோதரிகளில் மூத்தவளையும் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து ஆக இரண்டு நாள் இருக்கையில் நஜாத்துக்குத் தொலைபேசி வந்தது. "அரபியில எழுதினது நீங்கதானே? நாளைக்குக் காலையில வாங்க."

மறுநாள் தொழிற்சாலை நடைக்கூடத்தில் ஹஸ்னா உட்கார்ந்திருந்தாள். நஜாத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, பிறகு எதற்கு வந்திருக்கிறாள் என்று விளங்கி, சுருங்கியது.

"நீங்களுமாக்கா?"

"ஆமா."

"சொல்லவே இல்லையே."

நஜாத் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

ஒரு படிவத்தைக் கொடுத்து, பிரெஞ்சில் நிரப்பச் சொன்னார்கள். பெரிய எழுத்துகளில் எழுதி மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அலுப்பாக இருந்தது. எப்போதும் எழுதுவது போலவே எழுதினாள்.

பணியாளர் பிரிவின் தலைவி மதாம் ஸெப்தி. ஐம்பதை நெருங்கியவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். படிவத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். கோப்பைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்துப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எத்தன?" என்றார்.

"பத்தொன்பது."

"விளம்பரத்துல என்ன போட்டிருந்தோம்?"

"கைப்படன்னு." நஜாத் நாற்காலி நுனிக்கு வந்தாள். "என்னை வேண்டாம்னு அனுப்பிடுங்க மதாம். அவங்கள மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க. எழுதினதுதான் நான். சொன்னதெல்லாம் அவங்க."

"அதுல பதினொரு பேரு திங்கக்கிழமையிலேருந்து ஒயர் இழுத்துட்டிருக்காங்க. கையெழுத்து சரியில்லன்னு போய் மெஷின நிறுத்தவா?" மதாம் நாற்காலியில் சாய்ந்தார். "உயர்ந்த கருணை, உயர்ந்த கருணைன்னு படிச்சுக் கண்ணு அவிஞ்சுபோச்சு. இந்த எழுத்து வந்தா மட்டும் நிமிந்து உக்காந்து படிச்சேன். அடுப்புல கைய விடற ஆள நேர்லயும் கேட்டேன். அப்படியே சொன்னாரு." பிறகு கதவுப் பக்கம் தலையை அசைத்தார். "வெளிய இருக்கற பொண்ணோடதும் நீதானா?"

"ஆமா."

"உன் வேலைக்கே போட்டியா வர்றா. எதுக்கு எழுதிக் குடுத்த? அதுவும் இவ்வளவு நல்லா?"

நஜாத் யோசித்தாள். "நான் எனக்கு எழுதறதுக்கு முன்னாடி அவ வந்துட்டா" என்றாள்.

மதாம் ஸெப்தி மூன்று கடிதங்களையும் கோப்பில் வைத்து மூடினார்.

வேலை நஜாத்துக்குக் கிடைத்தது. முதலில் ஆறு மாத ஒப்பந்தம், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். சி லஹ்சன் சொன்னபடியே அழுதார். பிறகு, நகல் இயந்திரத்தின் எந்த மூடியை முதலில் திறக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி ஒட்டச் சொன்னார்.

ஹஸ்னா தெருவில் பார்த்தால் பேசுவதில்லை. "எனக்கு வேணும்னே மட்டமா எழுதிக் குடுத்துட்டு, தனக்கு அரபியில ரகசியமா எழுதிக்கிட்டா" என்று பெண்களின் பொதுக் குளியல் கூடத்தில் நாலு பேர் முன்னால் சொன்னாளாம். நஜாத்தின் அம்மா கொதித்துப்போய் வந்து சொன்னார். நஜாத் காலணியைக் கழற்றிவிட்டு அப்படியே சோபாவில் சாய்ந்தாள். எழுதின கடிதத்தை எடுத்துக் காட்டவா முடியும்? சொல்லாமல் இருந்தது என்னவோ உண்மைதான்.

காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து. இரண்டாவது வாரம் மதாம் ஸெப்தி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடுத்த அழைப்புக்கு வந்த கடிதங்கள், நானூறுக்கு மேல். "கூப்பிட வேண்டியவங்கள நீ பொறுக்கு" என்றார்.

நீல மை, கறுப்பு மை, எல்லாவற்றிலும் பெருமை, எல்லாவற்றிலும் உயர்ந்த கருணை. ஐம்பதாவது கடிதத்தில் நஜாத்தின் கண்கள் எரிந்தன. ஐம்பத்தொன்றாவது கோணல் மாணலாக, வரிக்கு வரி மேலேறிப் போயிற்று. எழுதிக் கொடுக்க யாரும் கிடைக்காமல் அவனே எழுதியிருக்கிறான். இத்ரீஸ், இருபத்தொன்பது வயது, மீன் சந்தைக் குளிர்கிடங்கில் உதவியாள். துடிப்பானவன், பொறுப்பானவன். வேறு ஒன்றும் இல்லை.

வேண்டாதவற்றின் அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதைப் படிக்காமல் கீழே வைத்துவிட்டு, முந்தையதைத் திரும்ப எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசி போட்டாள்.

"யாரு?" பின்னால் பனிக்கட்டி உடைக்கிற சத்தம் கேட்டது.

"ஒயர் கம்பெனியிலேருந்து பேசறேன். உங்க கடிதம் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். காலையில வேலைக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

"முதல்லயா?" என்றான் அவன். பனிக்கட்டிச் சத்தம் நின்றது.

நஜாத் மூடியைக் கழற்றிப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.