தூசி பிடிக்கப் போய்ப் பாரில் நின்றேன்

1946, மாசி மாதம், மாலை ஐந்தரை மணி. திரேஸ்புரத்தில் வள்ளம் ஏறினேன். முயல் தீவு இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். போய்வர வாடகை இரண்டு ரூபாய். என் பயத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

"தீவுல என்ன சோலி, சார்?" என்றார் வள்ளக்காரர் தொம்மை அண்ணாச்சி.

"ஆகாயத்துத் தூசியைப் படம் பிடிக்கணும்."

"தூசியா? எங்க வீட்டுக்கு வந்திருந்தா சும்மாவே காட்டியிருப்பேன். வீட்டுக்காரிகிட்ட சொல்லிராதயும்."

விஷயம் இதுதான். போருக்காகத் துறைமுகத்தில் வைத்திருந்த தேடுவிளக்கை ஏழு மணிக்கு நேராக வானத்தில் பாய்ச்சுவார்கள். கால் மணி நேரம்தான். மறுநாள் விளக்கு கப்பலேறிவிடும். தூசி அடர்ந்த உயரத்தில் ஒளித்தூண் தடித்துத் தெரியும். தூரத்தில், ஆடாத தரையில் நின்று படமெடுத்தால் அந்த உயரத்தைக் கணக்கிடலாம். அதற்கும் மேலே ஒளி மங்கும் விதத்திலிருந்து காற்றின் வெப்பநிலையைக்கூட ஊகிக்கலாம் என்பார், வானிலை இலாகாவில் என் அதிகாரி. காலடியில் கேமராவும் அதன் முக்காலியும்; மடியில், பெட்டிக்குள், படமெடுக்க ஆறு கண்ணாடித் தகடுகள். உடைந்தால் வேறு இல்லை. எனக்கு வேலையும் இல்லை.

ஆறே முக்கால். தீவு இன்னும் அரை மைல். பாயை இறக்கத் தொம்மை முன்னால் போனார்.

"சுக்கானைச் சும்மா பிடிச்சிக்கிடும்."

சும்மாவா? இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"பார்! பார்!" என்று கத்தினார்.

இதுவரை 'சார்' போட்டவர் திடீரென்று ஒருமைக்கு இறங்கிவிட்டாரே என்ற வருத்தத்தோடு வானத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"மேல என்னத்தப் பாக்கீரு? பார் கெடக்கு, ஓய்! திருப்பும்!"

வள்ளத்தின் அடி கறகறவென்று அரைபட்டது. இந்தக் கரையில் பார் என்றால் கடலடிப் பாறை. முத்துச்சிப்பி விளைவதும் அதன்மேல்தான். இதை நான் தலைகுப்புறக் கடலில் விழுந்துகொண்டே கற்றேன்.

"ஐயோ, பிள்ளைகுட்டிக்காரன்!" என்று அலறி, என் குலதெய்வத்தையும் தொம்மையின் மாதாவையும் ஒருசேரக் கூப்பிட்டேன்.

"சார்." தொம்மை நிதானமாக நின்றார். என் மடியிலிருந்து நழுவிய தகட்டுப் பெட்டி அவர் கக்கத்தில். "காலை ஊனும்."

ஊன்றினேன். முழங்கால் தண்ணீர்.

ஏழுக்கு இன்னும் பத்து நிமிஷம். வள்ளம் சிக்கிவிட்டது, தீவுக்குப் போக வழியில்லை.

"போச்சு, அண்ணாச்சி. ஆடாத தரைக்கு எங்கே போவேன்?"

"இதுவா ஆடுது? எங்க பாட்டன் காலத்துலேருந்து இங்கனயேதான் கெடக்கு."

முக்காலியைப் பாரின்மேல் ஊன்றினோம். கலங்கரை விளக்கும் கோயில் கோபுரமும் எந்தத் திசையில் என்று திசைகாட்டியில் குறித்துக்கொண்டேன். நின்ற இடம் கணக்கில் வந்துவிடும். ஏழுக்கு ஒளி எழுந்தது. தொம்மை ஒரு கையால் முக்காலியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டார். அதிகம் ஆடியது நான்தான். ஆறு தகடும் முடிந்தபோது விளக்கு அணைந்தது.

"நடுவுல தடிச்சுக் கெடந்துச்சே, அதா தூசி?"

"அதேதான்."

"அம்புட்டு ஒசரத்துல எவ போய்ப் பெருக்குவா!"

எட்டு மணிக்கு நீர் ஏறியது; வள்ளம் மிதந்தது.

மறுநாள் சென்னை ரயிலில் அறிக்கை எழுதினேன். தூசியின் உயரம் தகடுகளைக் கழுவிய பிறகுதான் தெரியும். படமெடுத்த இடம் என்ற கட்டத்தில் 'பார்' என்று நிரப்பினேன். எங்கே பார்ப்பது என்று அதிகாரி கேட்பார்.

கீழே என்பேன்.