வாசல்காரி நின்ற தேர்தல்

என் சித்தியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல்காரி என்றால்தான் தெரியும். சாயங்காலம் மலையிலிருந்து மந்தைகள் இறங்கும்போது பட்டி வாசலில், கல்சுவருக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விட்ட இடைவெளியில், படல் கதவை ஒரு கையால் பிடித்தபடி நிற்பாள். ஆடுகளை எண்ண மாட்டாள். முகத்தைப் பார்த்தே உள்ளே விடுவாள். எங்கள் ஆடு, அடுத்தவர் ஆடு, வழி தவறி வந்த ஆடு என்று ஒவ்வொன்றும் அவளுக்குத் தனி முகம். எனக்கு எல்லா ஆடுகளும் என் மாமியார் ஜாடையில்தான் தெரியும். அது வேறு கதை.

வாசலில் நிற்பவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மலையில் தொலைந்த ஆடு ஒரு குளிர்காலத்தைத் தாண்டித் தானாகத் திரும்பி வந்தால், அதை உள்ளே விடக்கூடாது. பனிக்காலத்தில் மேலே எதுவும் பிழைக்காது. பிழைத்து வந்தால் அது தனியாக வரவில்லை என்று அர்த்தம். நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். படலுக்கு வெளியே ஒரு கிடா தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கத்தவில்லை, மேயவில்லை, உள்ளே விடுவார்கள் என்று சும்மா நின்றது. விடிந்து பார்த்தபோது காணோம்.

மனிதர்களுக்கு வேறு வழக்கம். மலைக்குப் போனவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் நாங்கள் அழுவதில்லை. மேய்ச்சலில் இருக்கிறார் என்று சொல்வோம். அவர் விட்டுப் போன மாற்றுக் கம்பளி ஆணியிலேயே தொங்கும். அவர் பெயரில் இருக்கும் மேய்ச்சல் சீட்டுக்கு வருஷா வருஷம் வரிகூடக் கட்டிவிடுவோம். கட்டாமல் விட்டால் அவர் செத்துவிட்டார் என்று நாங்களே சொன்னதாகிவிடும் அல்லவா.

என் சித்தப்பா அப்படி மேய்ச்சலுக்குப் போய் மூன்றாவது குளிர்காலம் வந்துகொண்டிருந்தது.

அது வெள்ளைக்காரத் துரைமார்களின் காலம். முதலில் பட்டாளத்துக் குதிரைகளுக்கு என்று ஆற்றோரப் புல்வெளியை எடுத்துக்கொண்டார்கள். பிறகு காட்டை அளந்து கல் நட்டார்கள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடித்த கதையாகக் கணவாய்க்கும் வந்தார்கள். குளிர்காலப் புல் கணவாய்க்கு அந்தப்பக்கம்தான் இருக்கிறது. அங்கே குறுக்கே ஒரு மரத்தைப் போட்டு, ஒரு குத்தகைக்காரரிடம் ஒப்படைத்தார்கள். அவர் வைத்ததுதான் கட்டணம். சித்தப்பாவிடம் அதற்கு வழியில்லை. பாதி மந்தையை ஓட்டிக்கொண்டு கணவாயைச் சுற்றி மேல்விளிம்பு வழியாகப் போனார். அன்று சாயங்காலமே பனி கொட்டத் தொடங்கியது. நாய் மட்டும் திரும்பி வந்தது.

மீதி மந்தையைச் சித்தி மேய்த்தாள். இதில்தான் என் அப்பா வருகிறார். மேய்ச்சல் சீட்டு ஆண் பெயரில் மட்டுமே இருக்கலாம், அவன் செத்தால் மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் அண்ணன் தம்பிக்கு என்பது துரைமார்கள் போட்ட சட்டம். சித்திக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் என் அப்பா.

"அவன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. சீட்டும் மந்தையும் என் பொறுப்பு. உன்னை நான் நடுத்தெருவுலயா விட்டுடப் போறேன்?" என்பார் அப்பா. மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். என் அப்பா ஓநாய் இல்லை. ஆனால் அழுகை அந்த அழுகைதான்.

"அவரு மேய்ச்சல்ல இருக்காரு மாமா" என்பாள் சித்தி. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் தேர்தல் வந்தது. ஜில்லா சபையில் மலைக்காரர்களுக்கும் ஓர் இடம், நீங்களே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தண்டோரா போட்டார்கள். கணவாயை யாருக்கு எப்படித் திறப்பது என்பதை இனி அந்தச் சபைதான் தீர்மானிக்கும். எங்கள் சார்பில் பல்லுக்காரர் நின்றார். ஆட்டின் பல்லைப் பார்த்து வயதைச் சொல்கிறவர், வாயாடி, நியாயமான மனுஷன். எதிர்த்து நின்றது வேறு யார், அதே குத்தகைக்காரர். எங்களில் பாதிப் பேர் அவருடைய கடையில் கடன்பட்டவர்கள். அவர் ஜெயித்தால் கணவாயில் போட்ட அந்தக் கட்டை அங்கேயே வேர் பிடித்துவிடும்.

சீட்டுக்கு வரி கட்டியவர்களுக்கெல்லாம் ஓட்டு என்று சர்க்கார் குமாஸ்தா ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். மேய்ச்சலில் இருப்பவர்களுக்கும் நாங்கள்தான் வரி கட்டியிருந்தோமே. ஆக அவர்களுக்கும் ஓட்டு வந்துவிட்டது. எவரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அது தப்பு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. பெண்களுக்கு ஓட்டு இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. மலையில் காணாமல் போனவனுக்கு உண்டு, வீட்டில் அடுப்பு மூட்டுகிறவளுக்கு இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி ஓட்டுப் போடுவது? அதற்கும் ஒரு வழி சொன்னார்கள். கணவாய் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பெரிய பட்டிதான் ஓட்டுச்சாவடி. வாசல் வழியாக ஒவ்வொருவராக நுழைய வேண்டும். பல்லுக்காரருக்கு என்றால் வலதுபக்கச் சுவர், குத்தகைக்காரருக்கு என்றால் இடதுபக்கச் சுவர். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். வாசலை மூடியபிறகு குமாஸ்தா வந்து ஒவ்வொரு முதுகிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டே எண்ணுவார். ஒரே ஆளை இரண்டு தரம் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக அந்தக் கோடு. வருகிறவன் உண்மையில் இந்த மலைக்காரன்தானா என்று சொல்ல வாசலில் ஓர் ஆள் வேண்டும். இரண்டு தரப்பும் சித்தியைத்தான் சொன்னார்கள். "அவ ஆட்டுகிட்டகூடப் பொய் சொல்ல மாட்டா" என்றார் குத்தகைக்காரர்.

தேர்தலன்று காலையிலிருந்தே மூடுபனி. கை நீட்டினால் கை தெரியும், விரல் தெரியாது. பெண்கள் நாங்கள் சுவருக்கு வெளியே நின்றோம். நான் வாசலுக்குப் பக்கத்தில், சித்திக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தேன். ஆட்கள் பனிக்குள்ளிருந்து வந்தார்கள், குமாஸ்தா பெயரைக் கேட்டார், சித்தி முகத்தைப் பார்த்தாள். "நம்ம ஆளு" என்றாள். உள்ளே போனார்கள். அடுத்தவர். "நம்ம ஆளு." கொஞ்ச நேரத்தில் பட்டிக்குள் இரண்டு சுவரோரமும் முதுகுகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. சுவரைப் பார்த்து நிற்கும் மனிதர்கள் யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

எல்லோரும் வந்தாயிற்று. படலை இழுக்கலாம் என்று குமாஸ்தாவோடு வந்த சேவகன் கை வைத்தான். அப்போது சித்தியின் காலடியில் படுத்திருந்த நாய் எழுந்தது. குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு அவள் பாவாடைக்குப் பின்னால் போனது.

மலைப்பக்கமிருந்து ஒருவர் வந்தார். அந்தப் பக்கம் வீடே கிடையாது.

வாசலுக்கு முன்னால் வந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றார். கம்பளி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இடது தோளில் சிவப்பு நூலால் போட்ட ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டது சித்தி. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான். கூப்பிடவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இவர் யாரும்மா?" என்றார் குமாஸ்தா.

சித்தி அந்தச் சிவப்பு ஒட்டையே பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று சொன்னால், புருஷன் செத்துவிட்டான் என்று தன் வாயாலேயே சொன்னதாகும். அப்பா காதில் அது விழும், மந்தை போய்விடும். பல்லுக்காரருக்கு ஒரு தலை குறையும், அந்த ஒரு தலையில் கணவாயே போகலாம். நம்ம ஆள் என்று சொன்னாலோ, குளிர்காலத்தைத் தாண்டி வந்ததை வாசலுக்குள் விட்டதாகும்.

"அம்மா, நேரமாகுது. யாரு?"

"நம்ம ஆளு" என்றாள் சித்தி.

அவர் உள்ளே போனார். அவளை உரசிக்கொண்டுதான் போனார். ஆனால் முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்க்கவில்லை. சித்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலதுபக்கச் சுவரோரம் என் அப்பாவுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. அங்கே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

"படலைச் சாத்துடா" என்றார் குமாஸ்தா.

சேவகன் சாத்தவில்லை. பிடித்த பிடியில் ஒதுங்கி நின்று வழி விட்டுக்கொண்டிருந்தான். "எப்படிங்க சாத்துறது? இன்னும் வந்துகிட்டே இருக்காங்களே" என்றான். அவன் கீழூர்க்காரன், எங்கள் கதை எதுவும் தெரியாதவன். நான் பார்த்தேன். பனி மட்டும் வாசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பல்லுக்காரர் ஒரே ஓர் ஆள் வித்தியாசத்தில் ஜெயித்தார். குத்தகைக்காரர் சும்மா இருப்பாரா, மேற்பார்வைக்கு வந்திருந்த துரையிடம் போய் எண்ணிக்கையில் ஏதோ கோளாறு என்றார். துரை குமாஸ்தாவைக் கூப்பிட்டு எண்ணியது சரிதானா என்று கேட்டார். "சரிதாங்க. ஒரு முதுகுல மட்டும் கோடு விழல. கம்பளி ஈரம்" என்றார் அவர். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்து சித்தியைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் இந்த மலைக்காரர்கள்தான் என்று சத்தியம் செய்வாயா என்று கேட்டார் துரை.

"எல்லாரும் எங்க ஆளுங்கதான்" என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. துரை கையெழுத்துப் போட்டுவிட்டுக் குதிரை ஏறினார். கூட்டம் கலைந்தது. சித்தப்பா வெளியே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்பா வந்து என் பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "எங்கடா இருந்தேன்னு கேட்டேன். சுவத்தையே பாத்துகிட்டு இருந்தான். நம்மள மாதிரி அவனுக்கு மூச்சுல ஆவி வரலடி" என்றார்.

சாயங்காலம் மந்தைகள் இறங்கின. சித்தி வழக்கம்போல வாசலில் படலைத் திறந்து பிடித்தாள். முதல் ஆடு வாசல்வரை வந்து நின்றது. அதன் பின்னால் வந்தவையும் நின்றன. ஓட்டினோம், கத்தினோம், கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்தோம். முன்காலை ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தது. எல்லா மந்தைகளும் பட்டியைச் சுற்றி நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இருட்டுவதற்குள் அடைக்காவிட்டால் பனியும் ஓநாயும் பங்கு போட்டுக்கொள்ளும். பட்டி காலியாகத்தான் இருந்தது.

சித்தி படலை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெறும் பட்டிதான். அவளோ தோளை ஒருக்களித்து, ஒதுங்கி, இடம் கேட்டுக் கேட்டு நடந்தாள். எள் போட்டால் விழாத கூட்டத்தில் நடப்பதுபோல் இருந்தது. வலதுபக்கச் சுவரோரம் போய் நின்றாள்.

என் அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குளிர்காலமாக அவர் காத்திருந்த வார்த்தை அங்கே வரப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"வரி கட்டிக் கட்டி நான்தான் உங்களைப் போக விடாம வச்சிருந்தேன்" என்றாள் சித்தி. குரல் எல்லோருக்கும் கேட்டது. "நீங்க மேய்ச்சல்ல இல்ல. நீங்க செத்துட்டீங்க. அன்னிக்கே செத்துட்டீங்க. கூட வந்தவங்களையும் கூட்டிகிட்டுப் போங்க. ஒருவாட்டி என்னைத் திரும்பிப் பாத்துட்டுப் போயிருக்கலாம். பரவால்ல. போங்க."

வாசலில் நின்ற என்மேல் ஈரக் கம்பளி வாடை அடித்தது. வெகுநேரம் அடித்தது. பிறகு கிடா ஒரு செருமல் செருமிவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. பின்னாலேயே மந்தை முழுவதும் போயிற்று. சித்தி உள்ளே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், கண்ணீர் வழிய வழியப் பார்த்தாள். நானும் அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே வந்தவள் அப்பா முன்னால் நின்றாள். "சொல்லிட்டேன் மாமா. கேட்டீங்கல்ல. மந்தைய எடுத்துக்கங்க" என்றாள்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டினார். "என்னத்த சொன்னே? காத்துல எனக்கு ஒண்ணும் விழல. அவன்தான் காலையில என் பக்கத்துல நின்னு ஓட்டுப் போட்டானே. துரையே கையெழுத்துப் போட்டுட்டாரு. போம்மா, போய் ஆட்டைப் பாரு" என்றார். என் அப்பாவைப் பற்றி நான் எத்தனையோ குறை சொல்வேன். அன்றைக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.

கணவாயில் கிடந்த கட்டையை அந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே எடுத்துவிட்டார்கள். சித்தி கடைசிவரை தன் மந்தையைத் தானே மேய்த்தாள். ஆணியில் தொங்கிய கம்பளியை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். வரியை மட்டும் அவர் பெயரில் கட்டியாக வேண்டியிருந்தது. அரசாங்கத்துக்கு அவர் உயிரோடு இருந்தாரே.

அடுத்த தேர்தலுக்கு அதே குமாஸ்தா வந்தார். தலை நரைத்திருந்தது. வாசலில் நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று சித்தியிடம் கேட்டார்.

"வேற யாரையாச்சும் பாருங்க சார்" என்றாள் சித்தி. "நான் நின்னா அவரு வந்துடுவாரு. வந்தா, மறுபடியும் நான்தான் போகச் சொல்லணும்."