காசிம் நாற்காலியில் உட்கார்ந்தான்

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: ராஜம் டீச்சர். ஆயா வேலைக்கு வந்த நான். நாற்காலிகளில் ஐந்து பிள்ளைகள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறாவது பிள்ளை, காசிம். ஏழு வயது. பேச்சில்லை.

அறுபதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் இரவல் அறையில் நடந்த வகுப்பு. காசிமுக்கு இருந்ததை இப்போது ஆட்டிசம் என்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது.

“மாசக் கடைசியில வகுப்பை நடத்துற கமிட்டி அம்மா பார்க்க வருவாங்க. உட்கார்ந்து ஒரு வேலை செய்யலேன்னா இவனை வகுப்பிலேர்ந்து நிறுத்திடுவாங்க,” என்றார் டீச்சர். வேறு பள்ளிக்கூடம் அவனைச் சேர்க்காது.

வேலை சின்னதுதான். சட்டைப் பட்டனை எடுத்து டப்பாவில் போட வேண்டும். தெருவில் கடலை விற்கும் காச்சாங் பூத்தேக்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். பட்டனுக்கு ஒரு கடலை. மூன்று போட்டான். பிறகு பொட்டலத்தைப் பார்த்துவிட்டான். பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டான். மறுநாள் கடலையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவன் அப்பாவுக்குத் தேக்கா மார்க்கெட்டில் டீக்கடை. ஒரு மத்தியானம் பையனைக் கூட்டிப்போக வந்தவர், டீச்சருக்குக் காலிப் பால் டின்னில் டீ கொண்டுவந்தார். நல்ல சூடு. எங்கள் குவளையை வாங்கி உயரத் தூக்கி ஆற்றினார். விழுகிற டீயையே பார்த்துக்கொண்டு காசிம் தானாக வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“நிறுத்துங்க பாய்!” என்றார் டீச்சர்.

“ஏன், டீ நல்லால்லையா?”

“டீ இருக்கட்டும். உங்க பையனைப் பாருங்க.”

டீச்சர் அவன் கையில் ஒரு பட்டனை வைத்தார். டப்பாவில் போட்டான். “இப்ப ஆத்துங்க!”

பாய்க்குச் சிரிப்பு. “ஏபிசி படிக்க அனுப்பினேன். நீங்க டீக்கடை வச்சுக் கொடுத்துடுவீங்க போல!”

“முதல்ல உட்காரட்டும் லா. ஏபிசி எங்கயும் ஓடிப்போகாது.”

மறுநாளிலிருந்து ஆற்றுவது என் வேலை. டீக்குப் பதில் தண்ணீர். பாதி என் புடவையில். விடாமல் ஆற்றினால் பார்த்துக்கொண்டே இருப்பான், பட்டன் மறந்துபோகும். அதனால் ஒரு பட்டனுக்கு ஒரே ஒரு தடவை ஆற்றுவேன். உடனே நிறுத்திவிடுவேன்.

கமிட்டி அம்மா வந்தார். புது முகத்தைக் கண்டு காசிம் எழுந்துவிட்டான். நான் குவளையைத் தூக்கிப் பிடித்தேன், ஊற்றவில்லை. கொஞ்ச நேரம் நின்றான். உட்கார்ந்தான். பட்டன் போட்டான். ஆற்றினேன். அடுத்ததையும் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தள்ளினான்.

“என்ன கேக்கிறான்?” என்றார் அந்த அம்மா.

“இன்னும் வேணுமாம்.”

“அப்ப ஊத்துங்க. என்னைப் பாத்துட்டு நிக்காதீங்க.”

அவனை நிறுத்தவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைக்குப் பிடித்தது எது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகு அளந்து கொடுக்க வேண்டும்.

கமிட்டி அம்மா வந்த அன்று டப்பாவில் விழுந்த பட்டன்கள், பத்தொன்பது.