புங்க மரத்தில் விட்டுவந்த பட்டை

அண்ணி எங்கள் வீட்டை விட்டுப் போகப் போகிறாள் என்று முடிவான வாரத்தில்தான் எனக்கு ஹேமக் வந்து சேர்ந்தது. ஆர்டர் போட்டபோது அப்படி ஒரு பேச்சே இல்லை. பாராசூட் துணியில் தைத்த, ஆள் படுக்கிற ஊஞ்சல் அது. சுருட்டினால் ஒரு சொம்பு அளவுக்கு வந்துவிடும். காட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுத்துக்கொள்வார்கள். நான் எந்தக் காட்டுக்கும் போனதில்லை. வேங்கிக்காலில் எங்கள் புது வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறவள். ஆனால் எதையாவது புதிதாகப் பிடித்துக்கொண்டால் ராத்தூக்கம் போய்விடும் ஜாதி. அதற்கு முன்னால் டெலஸ்கோப், அதற்கும் முன்னால் ரொட்டி சுடுவது. வேகாத ரொட்டியை எல்லாம் முகம் சுளிக்காமல் தின்றவள் அண்ணி ஒருத்திதான்.

அண்ணி ஆரணிப் பக்கத்துக் கிராமம். கணக்கு டீச்சர். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது நான் காலேஜில் இருந்தேன். முதல் நாளே என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள், கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாள். அந்த வீட்டில் பாப்பா என்று கூப்பிட நான் மட்டும்தான் இருந்தேன் என்பதுதான் பிரச்சினையே. கல்யாணமாகி ஐந்து வருஷம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அம்மா அவளைச் செருப்பில்லாமல் கிரிவலம் அனுப்புவாள். விரதம், வேண்டுதல், மஞ்சள் துணி, யாரோ சொன்ன லேகியம். அம்மா திட்ட மாட்டாள். திட்டியிருந்தால்கூட ஒருநாள் எதிர்த்துப் பேசியிருக்கலாம். வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம், “எங்க மருமகளுக்குத்தான் இன்னும் ஒண்ணும் தங்கல” என்று பெருமூச்சு விடுவாள். அண்ணி காபி கொடுத்துவிட்டு உள்ளே போவாள்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், திரும்பி வரவில்லை என்று சாதாரணமாகச் சொன்னாள். இங்கே ஸ்கூல் வேலையை விட்டாயிற்று, ஊர்ப் பக்கத்திலேயே ஒரு ஸ்கூலில் வேலை கிடைத்திருக்கிறது. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, “ரெண்டு மாசம் அம்மா வீட்ல இருந்துட்டு வரட்டும், மனசு மாறும்” என்றாள்.

மறுநாள் பார்சல் வந்தது. நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன்.

ஹேமக் கட்டுவதில் துணி பெரிய விஷயமில்லை. பட்டையும் வளையமும்தான் விஷயம். பட்டையின் ஒரு முனையைக் காது மாதிரி மடித்துத் தைத்திருப்பார்கள். பட்டையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் காதுக்குள் நுழைத்து இழுத்தால் மரத்தைக் கவ்விக்கொள்ளும். மறுமுனை இரண்டு இரும்பு வளையங்களுக்குப் போகும். இரண்டுக்குள்ளும் விட்டு, ஒரு வளையத்தின் மேலாக மடக்கி, மற்றதற்குள் மட்டும் திருப்பி இழுக்க வேண்டும். நம் காலேஜ் பை வார்களில் ஒருகாலத்தில் இருந்ததே, அதே மாதிரி. ஆள் ஏறினால் இறுகும். ஆள் இறங்கிய பிறகு ஒரு வளையத்தை விரலால் தூக்கினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வளையங்களில் ஒரு கொக்கி, கொக்கியில் ஹேமக். மீதித் தொங்கும் பட்டையில், இழுத்தால் அவிழ்கிற ஒரு முடிச்சு, பாதுகாப்புக்கு. இதையெல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். எல்லா வீடியோவிலும் சொல்கிற இன்னொன்று, விறைப்பாகக் கட்டக் கூடாது. விறைப்பாகக் கட்டினால் பட்டைக்குப் பாரம் ஜாஸ்தி. தொய்வு வேண்டும்.

மனப்பாடம் செய்தது தலையில் இருந்தது, கையில் இல்லை. மாடித் தூண் ஒன்றிலும் தண்ணீர்த் தொட்டியின் காலிலும் கட்டி, ஏறி உட்கார்ந்தேன். வளையத்தில் பட்டையைத் தப்பாகத் திருப்பியிருந்தேன் போலிருக்கிறது. சரேலென்று வழுக்கி, இடுப்பு தரையில் மோதிக் கிடந்தேன். துணி காயப்போட வந்த அண்ணி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

“இன்னாடி இது, பெரியவங்களுக்கு ஏணையா?”

ஏணை என்றால் எங்கள் பக்கத்தில் குழந்தையைப் போட்டு ஆட்டுகிற புடவைத் தூளி.

“ஹேமக் அண்ணி. மானத்த வாங்காதீங்க.”

“வளையத்த இப்பிடித் திருப்பு. பாத்தாலே தெரியுது, நீ ரெண்டையும் சேத்து நுழைச்சிட்ட.”

இருவரும் சேர்ந்து மறுபடி கட்டினோம். அம்மா மேலே வந்தாள். தூணுக்கும் தொட்டிக்கும் நடுவே காற்றில் ஆடிக்கொண்டிருந்த காலி ஹேமக்கைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

“வெறும் ஏணைய வீட்ல தொங்க விடாத” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அண்ணி வளையத்தை விரலால் தூக்கினாள். பட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. அதைச் சுருட்டி என் கையில் கொடுத்து, “கிரிவல ரோட்டுப் பக்கம் போலாமா?” என்றாள். “அந்த ரோட்ட எத்தினி வாட்டி சுத்தியிருப்பேன். ஒரு வாட்டிகூட உக்காந்ததில்ல. உங்கம்மா உக்காரக் கூடாதுனு சொல்லியிருக்காங்க. சும்மா போய்ப் படுத்துட்டு வரலாம்.”

எனக்குள் ஒரு திட்டம் ஓடியது. அரை நாள் அவளைத் தனியாகப் பிடித்தால் மனசை மாற்றிவிடலாம். என்ன பேச வேண்டும் என்றுகூட வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பௌர்ணமி இல்லை, ரோட்டில் ஆள் கம்மி. அடி அண்ணாமலை தாண்டி, மலைக்கு எதிர்ப்பக்கம், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் இறங்கினால் புங்க மரங்கள் இருக்கும். சரியான இடைவெளியில் இரண்டைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பக்கம் நான் கட்டினேன், இன்னொரு பக்கம் அண்ணி கட்டினாள். அவள் கட்டியதைத்தான் நான் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். அதுதான் சரியாக இருந்தது. அவளை ஏற்றி உட்கார வைத்து, காலைத் தூக்கிப் போட்டு, கொஞ்சம் குறுக்காகப் படுக்கச் சொன்னேன். பச்சைத் துணிக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். மலை மேகத்தோடு இருந்தது.

நான் வரிசைப்படி ஆரம்பித்தேன். அம்மாவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தனி வீடு பாருங்கள், நானும் அண்ணனிடம் பேசுகிறேன், சென்னையில் நல்ல டாக்டர் இருக்கிறார், முதலில் அண்ணனும் ஒருமுறை டெஸ்ட் எடுக்கட்டும்.

“எடுத்தாரு” என்றாள் துணிக்குள்ளிருந்து.

“எப்ப?”

“போன வருஷம். எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. அவருக்குத்தான். டாக்டர் ரெண்டு பேரையும் உக்கார வச்சித்தான் சொன்னாரு.”

நான் ஹேமக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அதுக்காகப் போறேன்னு நெனச்சிக்காத. அதுக்கு எவளாவது போவாளா? அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம்னாரு. சரின்னேன். ஒரு மாசம் ஆச்சு, ஒரு வருஷம் ஆச்சு. உங்கம்மா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட என்னப் பத்திச் சொல்லும்போது அவரு டிவிய பாத்துக்கினு இருப்பாரு. சத்தம் கம்மி பண்ணக்கூட மாட்டாரு. போன பௌர்ணமிக்கு என் கால்ல முள்ளு குத்திச்சே, அன்னிக்கு அவருதான் மருந்து போட்டாரு. போட்டுக்கினே அழுதாரு. அப்பவும் சொல்லல.”

இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதிக்க” என்றான். அண்ணியும் எழுதச் சொன்னாள். ஆனால் அவரை வில்லனாக்காதே என்றாள்.

என் வரிசையில் இதற்கு அடுத்த வரி இல்லை. இன்றைக்கே நான் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். துணியை விலக்கி என்னைப் பார்த்தாள். “நீ சொன்னா அது உன் பேச்சு. அவரு சொல்லணும்.”

அப்போதுதான் ரோட்டிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். கணவனும் மனைவியும். வெறுங்கால், ஈரத் தலை, நெற்றி நிறைய விபூதி. அந்தப் பெண்ணுக்கு அண்ணியைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். கையில் மஞ்சள் துணியில் செய்த சின்ன ஏணை, உள்ளங்கை அளவு, நடுவே ஒரு கூழாங்கல். குழந்தை வேண்டி மரத்தில் கட்டுவது. கிரிவல ரோட்டில் அப்படிக் கட்டிய மரங்கள் நிறைய உண்டு, நாங்கள் இருந்தது அப்படிப்பட்ட மரம் அல்ல. ஆனால் பட்டை சுற்றி, வளையம் போட்டு, இவ்வளவு பெரிய ஏணை தொங்குகிறதே. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

“அக்கா, வேண்டுதல் நெறவேறிச்சா?” என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “இவ்ளோ பெருசா கட்டியிருக்கீங்களே.”

கணவன், “பெரிய வேண்டுதலா இருக்கும், நீ சும்மா இரு” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லைங்க, இது ஹேமக், ஆன்லைனில் வாங்கியது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி காலைக் கீழே போட்டு இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“கட்டு கண்ணு” என்றாள். “எத்தினி வருஷம்?”

“மூணு ஆவப் போவுதுக்கா. இவங்கம்மா...” என்று ஆரம்பித்தவள், பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவன் மலையைப் பார்த்துக்கொண்டே, “எங்கம்மா பேசறது கொஞ்சம் ஜாஸ்திதாங்க” என்றான். “நான் சொல்லிட்டேன், இவள ஒண்ணும் கேக்காத, எதுனா கேக்கணும்னா என்னக் கேளுனு. நேத்துகூடச் சண்டை.”

அண்ணி அவனையே பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, தான் கட்டிய பக்கத்து மரத்துக்குக் கூட்டிப்போனாள். கிளை எட்டவில்லை. கைக்கு வசதியாக இருந்தது வளையம்தான். அந்தப் பெண் சின்ன ஏணையின் மஞ்சள் கயிற்றை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, பட்டையையும் சேர்த்துச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டாள். அண்ணி வளையத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். கும்பிட்டுவிட்டு அவர்கள் ரோட்டுக்கு ஏறிப்போனார்கள். போகும்போது அந்தப் பெண், “பொறந்தா வந்து அவுக்கறேங்க்கா” என்றாள்.

அவர்கள் தலை மறைந்தபிறகு அண்ணி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். ஐந்து வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழத் தெரியாதவள் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பட்டையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அழுகிறவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

வெயில் இறங்கியதும் ஹேமக்கைக் கொக்கியிலிருந்து கழற்றினேன். என் பக்கத்துப் பட்டை உடனே வந்துவிட்டது. அவள் பக்கத்தில் மஞ்சள் கயிறு வளையங்களைப் பூட்டியிருந்தது. வளையத்தோடு அந்த முனை பட்டையின் காதுக்குள் நுழையாது. நுழைக்காமல் மரத்திலிருந்து கழற்ற முடியாது.

“அவுத்து வேற மரத்துல கட்டிடலாமா அண்ணி? சாமி ஒண்ணும் சொல்லாது.”

“கட்டினவதான் அவுக்கணும். விட்டுட்டு வா.”

“ஜோடியாத்தான் கெடைக்கும் அண்ணி. ஒரு பக்கத்தை வச்சிக்கினு நான் என்ன பண்றது?”

“வேற வாங்கிக்கோ” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டி கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் பைக் நிறுத்துகிற இடத்தில் அவனை மறித்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை என் முகத்திலேயே பார்த்துவிட்டான். “அம்மாகிட்ட சொல்லு. இப்பவே சொல்லு, அண்ணி இருந்துடுவாங்க” என்றேன். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

“சொல்றேன். அவ போற நேரத்துல வீட்ல ரகள வேணாம். போகட்டும், நிதானமாச் சொல்றேன்.”

“போனப்புறம் யாருக்குச் சொல்லப்போற?”

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் சட்டைக் காலர் ஓரம் பிய்ந்திருந்ததைக் கவனித்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் அவளைப் பஸ் ஏற்றிவிட்டான். ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தானாம். அம்மா, “தை மாசத்துக்குள்ள வந்துடு” என்று வாசலில் நின்று சொன்னாள். அண்ணி அவளுடைய காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அவன் சொன்னான். சொல்லாமல் இல்லை. மழைக்காலம் முடிந்து, அம்மா அவனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று யாரிடமோ போனில் விசாரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், போனை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னான். நின்றுகொண்டே, வரிசையாக, டாக்டர் சொன்ன மாதிரியே. நான் மாடிப்படியில் இருந்தேன். அம்மா என்னைக் கூப்பிட்டு அண்ணிக்குப் போன் போடச் சொன்னாள்.

ஸ்பீக்கரில் ஸ்கூல் சத்தம் கேட்டது. “சொல்லுங்க அத்தை. நல்லா இருக்கீங்களா?” என்றாள் அண்ணி.

“அவன் சொல்லிட்டான்மா” என்றாள் அம்மா. “நீ ஏம்மா ஒரு வார்த்தை... எனக்குத் தெரியாதும்மா. நீ கெளம்பி வா. நானே வந்து கூப்பிடறேன்.”

“சொல்லிட்டாரா?” என்றாள். அதற்குமேல் நெடுநேரம் பிள்ளைகள் கத்துகிற சத்தம்தான். “சரிங்க அத்தை. பெல் அடிச்சிட்டாங்க. வச்சிடறேன்.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் அணைந்துபோன போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

“எத்தினி தோசைடா?” என்றாள் உள்ளேயிருந்து.

“பசிக்கலம்மா.”

கல் காய்ந்ததும் அவனுக்கு ஊற்றினாள்.