மூன்றாவது வாரத்தில் வந்த கம்பெனி

காலை ஒன்பது பத்துக்கு நியூ டவுன் கல்லூரியின் பிளேஸ்மென்ட் ஹாலுக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டவை காலி நாற்காலிகள். முன்வரிசையில் மட்டும் நான்கு மாணவர்கள் இருந்தார்கள்.

அப்போது நான் ஹவுராவில் வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் டிசைன் மேலாளர். எங்கள் ஆலைக்கு இரண்டு மெக்கானிக்கல் பொறியாளர்களை எடுக்க வந்திருந்தேன்.

ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்பது கல்லூரி விதி. வேலை கிடைத்தவர் அடுத்த இன்டர்வியூவில் உட்கார முடியாது. முதல் வாரம் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு, மூன்றாவது வாரம் எங்களுக்கு. பிளேஸ்மென்ட் அதிகாரி மித்ராவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர்கள் பஸ் நிறைய ஆள் எடுக்கிறார்கள், நீங்கள் எடுப்பது ஒரு ரிக்‌ஷாவுக்குக் காணாது என்று சிரித்தார் அவர்.

மூன்றாவதாக வந்தவள் ரேவதி. தமிழ்க் குடும்பம்; அதே நகரத்தில் பவானிபூரில் அவள் அப்பா டிபன் கடை வைத்திருந்தார். வகுப்பில் முதலிடம். கொண்டுபோயிருந்த, கசிவு கண்ட வால்வு ஒன்றை அவளிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, குழாயோடு இணைக்கும் ஃபிளாஞ்ச் விளிம்பு சேரும் இடத்தில் விரலை வைத்தாள். வார்க்கும்போது உருகிய உலோகத்தை ஊட்டும் ரைசர் சிறியது, உலோகம் உறையும்போது உள்ளே குழி விழுந்திருக்கிறது என்றாள். சரியான பதில்.

இவ்வளவு மதிப்பெண் வைத்துக்கொண்டு மூன்றாவது வாரம் வரை எப்படி மிஞ்சினாய் என்று தமிழில் கேட்டேன்.

"கோடிங் டெஸ்ட்ல பாதியில எழுந்து வந்துட்டேன் சார். செலக்ட் ஆயிட்டா உங்க இன்டர்வியூக்கு விடமாட்டாங்க."

அப்பாவுக்குப் போன வருடம் பக்கவாதம். வீட்டில் வேறு யாருமில்லை. ஹவுரா என்றால் வேலை முடிந்து தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அவள் பெயரைச் சொல்லத் தலைமை அலுவலகத்துக்கு போன் செய்தேன். எச்.ஆர். தலைவரும் என்னைப் போல் தமிழர்தான்.

"ஹவுராவுக்குப் புது ஆள் வேண்டாம்னு நேத்து முடிவாயிடுச்சுங்க. ரெண்டு போஸ்டும் கோயம்புத்தூருக்கு. வர்றவங்க வரட்டும்."

மித்ராவிடம் போனேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு இன்னொரு டெஸ்ட் வைப்பார்களா என்று கேட்டேன். பட்டியல் முடிந்துவிட்டது என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

வராந்தாவில் ரேவதியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்:

"சனி, ஞாயிறு பாபாவைப் பாக்க வர முடியாதுல்ல சார்?"

பாபா என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவாள். முடியாது, ரயிலில் வரவே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும் என்றேன்.

வெளியே போய் அப்பாவுடன் போனில் பேசினாள். வங்க மொழியில் தொடங்கித் தமிழில் முடித்தாள். திரும்பி வந்து கோயம்புத்தூர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டாள்.

"அங்க எல்லாரும் என் தமிழைக் கேட்டுச் சிரிக்கப் போறாங்க," என்றாள்.

ஆள் எடுக்கப் போகும் இளைய பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். வேலை எந்த ஊரில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நான் வாங்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று ஹவுரா டிசைன் பிரிவில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். அவர்களில் இளையவருக்கு வயது ஐம்பத்திரண்டு.