கிழட்டு மட்டக்குதிரையும் அப்பாவின் மப்ளரும்

குதிரைக்குக் குளிருமா என்று என்னிடம் யாராவது கேட்டால், எந்தக் குதிரை, என்ன வயது, மழையா வெறும் பனியா என்று நான் திருப்பிக் கேட்பேன். பள்ளிக்கூடம் என்னை அதிகம் கண்டதில்லை. ஊரில் படித்த கொஞ்சத்தையும் சண்டை குழப்பிவிட்டது. ஜெர்மனிக்கு வந்த பிறகு, என்னை எந்த வகுப்பில் இருத்துவது என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் எனக்குப் படிக்கிற வயது போய்விட்டது. இன்று பேரப்பிள்ளைகள் என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் வெல்ல முடியாது.

எண்பதுகளின் நடுவில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து தள்ளி ஒரு சின்னக் கிராமத்தில், மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதியில் எங்களை வைத்திருந்தார்கள். அப்பா, அம்மா, நான் மூவருக்கும் ஓர் அறை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அகதி விண்ணப்பம், அவர்கள் பாஷையில் அன்ராக், கொடுத்தாயிற்று, முடிவு வரும்வரை சும்மா இரு என்பதுதான் சட்டம். சும்மா இருந்து பழகாத மனிதர் அவர். ஊரில் சவாரி மாடு வைத்திருந்தவர். மாட்டுவண்டிப் போட்டி வந்தால் அயலூர்க்காரர்கள்கூடத் தங்கள் மாட்டைக் கொண்டுவந்து, ஒருக்கால் பாருங்கோ என்று படலையில் நிற்பார்கள். இங்கே அவர் யன்னலோரம் இருந்து பார்ப்பதற்குக் கிடைத்தது ஒரேயொரு மிருகம்தான்.

அது பக்கத்து வளவு மனிசியின் மட்டக்குதிரை. மனிசி தனியாக இருந்தவர், எழுபது வயது இருக்கும். குதிரையும் கிழடு. கண்ணைச் சுற்றி மயிர் நரைத்து, முதுகு கொஞ்சம் பள்ளம் விழுந்து, கரடி மாதிரி உரோமம் வளர்த்துக்கொண்டு இரவு பகலாக வெளியில் நிற்கும். மூன்று பக்கம் பலகை அடித்த ஒரு கொட்டில் இருந்தது. அதற்குள் போக வேண்டுமென்று அதற்கு நினைப்பு வந்தால்தான் போகும்.

முதல் பனி விழுந்த காலை அப்பா யன்னலில் கத்தினார்.

"இஞ்சை வந்து பாருங்கோ, அந்தச் சீவனுக்கு முதுகு முழுக்கப் பனி! இதுகளுக்கு இரக்கம் எண்டது இல்லையோ?"

ஊரில் மார்கழிப் பனிக்கே தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போன ஆட்கள் நாங்கள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்குத் தந்த கம்பளியில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் குதிரையின் முதுகில் போர்த்தினார். அதோடு விட்டாரா? காதுக்குள் பனி போகக்கூடாது என்று தன் மப்ளரை அவிழ்த்து, இரண்டு காதையும் மூடித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். குதிரை அசையாமல் நின்றது. பல்லுக்கொதி வந்து, வலிக்குத் தாடையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளைப் போல இருந்தது.

மனிசி கண்டுவிட்டுச் சிரித்தார். கம்பளியை மடித்து என் கையில் தந்தார். வேலிக் கரையில் நின்று கேட்டுக் கேட்டு நான் அதற்குள் ஜெர்மன் பாஷையைப் பிடித்துவிட்டேன், அதனால் பேச்சு எல்லாம் என்னோடுதான். என் கையைப் பிடித்துக் குதிரையின் உரோமத்துக்குள் விட்டார். உள்ளே அடுப்பங்கரைச் சூடு. மேலே பனி கரையாமல் கிடக்கிறது என்றால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தமாம். கம்பளி உரோமத்தை அமுக்கிப்போடும், அதுதான் குளிராம்.

நான் வந்து சொன்னதும் அப்பா, "அவ உனக்குக் கதை விடுறா," என்றார்.

தை மாதம் மனிசிக்கு இடுப்பில் ஒப்பரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து நாள் குறித்து டெர்மின் வந்துவிட்டது. போவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டுக் குதிரையை என் பொறுப்பில் விட்டார். புல்லுக்கட்டு, தண்ணீர், தண்ணீரில் கட்டிய ஐஸை உடைப்பது எல்லாம் காட்டினார். கொட்டில் ஆணியில் தொங்கிய தடித்த போர்வையையும் காட்டினார். காய்ந்த குளிருக்கு இது வேண்டாம். மழையும் காற்றும் சேர்ந்து வந்து, அவன் நடுங்கினால் போடு. கிழவனுடைய உரோமம் பொய் சொல்லும், மெலிவை மறைக்கும், ஆனபடியால் ஒவ்வொரு நாளும் கையை உள்ளே விட்டு விலா எலும்பைத் தடவிப் பார். இவ்வளவும் சொல்லிவிட்டு, "முடிவு உன்னுடையது" என்றார்.

அம்மா பயந்துவிட்டா. "அதுக்கு ஏதும் நடந்தா, வெளிநாட்டுப் பிள்ளை சாக்காட்டிப்போட்டுது எண்டுதான் ஊர் சொல்லும். பிறகு எங்களை ஆர் மதிப்பினம்?"

எனக்குப் பயம் இல்லை. ஒரு கிழமை காய்ந்த குளிர். குதிரைக்கு மூச்சுப் பட்ட தாடி மயிர்கூட வெள்ளையாக உறைந்துபோனது. நான் போர்வையைத் தொடவில்லை. ஒவ்வொரு நாளும் அப்பாவோடு சண்டை.

"மூடு பிள்ளை, கிழட்டுச் சீவன்."

"தேவையில்லை அப்பா. உள்ளுக்கைச் சூடாத்தான் இருக்கு."

"நான் எத்தினை மாடு வளத்தனான்!"

"இது மாடில்லையே."

மேல்மாடியில் இருந்த அண்ணை ஒருவருக்கு நக்கல் இல்லாவிட்டால் சோறு இறங்காது. என்னைக் காணும்போதெல்லாம், "டொக்டர் அம்மா, எங்களுக்கும் போர்வை வேண்டாமோ?" என்பார்.

பிறகு ஒரு மத்தியானம் பனி மழையாக மாறியது. காற்றும் சேர்ந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். குதிரை வேலியோரம் காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டி, வாலை இறுக்கிக்கொண்டு நின்றது. தோள் நடுங்கியது. கையை விட்டேன். தோல்வரை ஈரம், சூடு இல்லை. காதின் அடி ஐஸ். புல்லுக் கூடையைக் காட்டிக் கொட்டிலுக்குள் கூட்டிவந்து, போர்வையைத் தூக்கினேன். தூக்கிய இடத்திலேயே நின்றேன். சொட்டச் சொட்ட நனைந்த உடம்பில் இதைப் போட்டால் ஈரம் எங்கே போகும்? மனிசி எப்போது மூடுவது என்று சொன்னார், நனைந்ததை என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அம்மாவிடம் ஓடினேன். அம்மா யோசிக்கவேயில்லை. "கொப்பரைக் கேள்."

கேட்டேன். "அப்பா, அது நடுங்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

அப்பா எழும்பினார். உடனே வந்தார் என்று நினைக்கிறீர்களா? முகம் கழுவினார். சவரம் எடுத்தார். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்தார். அகதி விசாரணைக்குப் போட்டுப் போன வெள்ளைச் சேட்டை எடுத்துப் பொத்தான் பூட்டினார்.

"அப்பா! அது செத்துப்போகும்!"

"வாறன், வாறன். அந்தரப்படாதை."

படியில் மேல்மாடி அண்ணை நின்றார். "என்ன ஐயா, கலியாண வீடோ?"

"ஓம் தம்பி. மாப்பிளைக்குக் குளிருதாம்."

அப்பா பகிடி விட்டதை நான் ஜெர்மனியில் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கோ கோபம் கோபமாக வந்தது. ஒரு குதிரையைப் பார்ப்பதற்கு எண்ணெய் எதற்கு?

கொட்டிலுக்குள் வந்ததும் அவர் குதிரையை ஒருதரம் சுற்றி நடந்தார். சேட்டுக் கையை மடித்துவிட்டு, வைக்கோலை முறுக்கிப் பிடியாக்கி, முதுகிலிருந்து வயிறுவரை தேய்க்கத் தொடங்கினார். எனக்கும் ஒரு பிடி முறுக்கித் தந்தார். இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று தேய்த்தோம். குதிரையின் உடம்பிலிருந்து நீராவி பறந்தது. பிறகு முதுகில் காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, அதன்மேல் மூலையில் கிடந்த ஒரு சாக்கைப் போட்டுக் கட்டினார். ஈரம் வைக்கோலுக்குள் ஏறட்டும் என்றார். காத்திருந்த நேரம் முழுக்கக் குதிரையோடு தமிழில் கதைத்தார். ஏதோ ஒரு மாட்டின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. குதிரை புல்லைக் கடித்தது.

சாக்கையும் வைக்கோலையும் எடுத்தார். போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப மூடட்டோ, பிள்ளை?"

நான் கையை உரோமத்துக்குள் விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. "ஓம், மூடுங்கோ," என்றேன்.

மப்ளரையும் கட்டப் பார்த்தார். அதற்கு நான் விடவில்லை.

அந்தக் குதிரை அதற்குப் பிறகும் இரண்டு குளிர்காலம் கண்டது. யாரால் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மழைக்கு அடுத்த நாள் விடிய வானம் வெளித்து, நிலம் இறுகிக் காய்ந்த குளிர். போய்க் கையை விட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. போர்வையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு வந்தேன்.

அறையில் அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தா. அப்பா மேசைக்கு முன்னால் இருந்தார். சவரம் எடுத்து, எண்ணெய் வைத்து, அதே வெள்ளைச் சேட்டோடு, சப்பாத்து நாடாவையும் கட்டி முடித்திருந்தார்.

"எப்பிடி இருக்குது ஆள்? நான் ஒருக்கா வந்து பாக்கட்டோ?"

"தேவையில்லை அப்பா. காய்ஞ்ச குளிர்தானே. நான் கழட்டிப்போட்டன்."

மேசையில் என் பக்கத்தில் வந்து இருந்த அம்மா, கீழே கையை விட்டு என் தொடையில் கிள்ளினா. நல்ல கிள்ளு, தோல் எரிந்தது.

"ஏனம்மா கிள்ளுறியள்?"

"தேத்தண்ணியைக் குடி," என்றா அம்மா.

அப்பா குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். நான் தொடையைத் தடவிக்கொண்டு இருந்தேன். காய்ந்த குளிருக்குப் போர்வை வேண்டாம். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.